கத்தாத பிரேக்

தாமல் ஏரிக்கரையிலிருந்து ஊருக்குள் இறங்கும் சரிவில் கலியாணசுந்தரம் பிரேக்கை மிதித்தார். பெடல் எந்த மறுப்பும் சொல்லாமல் தரைவரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. முப்பது வருடமாகக் காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை நடத்துகிறவர் அவர். எதிராளி முணுமுணுக்காமல் சட்டென்று இறங்கி வந்தால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

மறுபடி மிதித்தார். காற்றை மிதித்த மாதிரி இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி ஏலவார்குழலி, மடியில் தாம்பாளமும் அதில் மகளின் கல்யாணப் பத்திரிகைகளுமாக, இன்னும் யார் யார் வீட்டுக்குப் போகவில்லை என்று ஒப்பித்துக்கொண்டே வந்தாள். எதிரே ஒரு பெண்பிள்ளை ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடுகளை ஓட்டி வந்தாள். கலியாணசுந்தரம் ஹார்னை அமுக்கினார். அது ரப்பர் பந்து ஹார்ன். ஊர்வலத்தில் குழந்தைகளைச் சிரிக்க வைப்பதற்கென்றே பிறந்தது. ஆடுகளும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டன.

கைப்பிரேக்கை இழுத்தார். ஆடுகிற பல் மாதிரி அது லொடக்கென்று மேலே வந்தது. அதன் மறுமுனையில் எதுவும் கட்டியிருக்கவில்லை.

இடது பக்கம் ஒரு வைக்கோல் போர். யோசிக்க நேரமில்லை. ஸ்டியரிங்கை ஒடித்தார். தொண்ணூறு வயது ஆஸ்டின் கார் கிழட்டுக் காளையைப் போல் முட்டிக்கொண்டு போரில் கழுத்துவரை புதைந்து நின்றது. குழலியின் தலையிலும் பத்திரிகைகளின் மேலும் வைக்கோல் உதிர்ந்தது.

போருக்குச் சொந்தக்காரர் துரைக்கண்ணு, விவசாயி, பகுதி நேரக் கட்சிக்காரர். கால்மணி முன்னால் அவர் வீட்டில்தான் பத்திரிகை வைத்து மோர் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். சத்தம் கேட்டு ஓடி வந்தார்.

"இன்னா மொதலாளி, பத்திரிகை வெச்ச கையோட மொய்யையும் வாரிக்கினு போலாம்னு வந்துட்டீங்களா? சொல்லியிருந்தா மூட்டையே கட்டிக் குடுத்திருப்பேனே!"

சிரிக்க வேண்டும் என்று கலியாணசுந்தரத்துக்குத் தெரிந்தது. வாய்தான் திறக்கவில்லை.

"ஆட்டுக்காக ஒதுங்கினாருண்ணே," என்றாள் குழலி, கொண்டையிலிருந்து வைக்கோலை எடுத்தபடி. "வாயில்லா ஜீவன் பாருங்க."

அவர் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். கேட்காமலே கிடைத்த நல்ல பெயரை மறுத்துப் பழக்கமில்லாத கை.

சக்கரங்களிலிருந்து தலைமுடி தீய்ந்த மாதிரி ஒரு வாடை வந்துகொண்டிருந்தது. நாலு பேர் சேர்ந்து வண்டியைப் பின்னுக்கு இழுத்து, வைக்கோலைத் தட்டி, ஆளுக்கொரு யோசனை சொல்லி முடிப்பதற்குள் வெயில் சாய ஆரம்பித்தது. கலியாணசுந்தரம் ஏறி உட்கார்ந்து காலை மெல்ல வைத்தார். பெடல் கல் மாதிரி நின்றது. எதுவுமே நடக்காதது போல.

அதுதான் அவரை ரொம்பவும் பயமுறுத்தியது. ஏமாற்றிவிட்டு ஓடுகிறவனைப் பிடித்துவிடலாம். ஏமாற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்து சிரிக்கிறவனை என்ன செய்வது? காஞ்சிபுரம் வரைக்கும் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. பால் வண்டிகளெல்லாம் திட்டிக்கொண்டே முந்திப் போயின.

அந்தக் கார் தாத்தா காலத்தில் ஆற்காட்டு டாக்டர் ஒருவரிடமிருந்து வந்தது. கலியாணசுந்தரம் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை எவராக இருந்தாலும் அதில்தான் அழைத்து வருவார்கள். பெண்ணைப் பெற்றவரே ஓட்ட வேண்டும், நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது, இதுதான் வழக்கம். வண்டிக்கு முன்னால் யார் யார் இருப்பார்கள்? மேளக்காரர்கள், சீர்த்தட்டு ஏந்திய பெண்கள், அவர்களுக்கு முன்னும் பின்னும் குறுக்கும் நெடுக்கும் ஆடுகிற வாண்டுகள். பம்பருக்கும் கடைசி வாண்டுக்கும் இடையில் ஒரு முழம் இருந்தால் அதிகம். வரப்போகும் வளர்பிறையில் மகள் தீபிகாவுக்குக் கல்யாணம்.

ஆதியில் அதற்குக் கம்பி பிரேக். மிதித்தால் அடியில் ஒரு இரும்புத் தண்டு திரும்பி, நாலு கம்பிகளை இழுத்து, நாலு சக்கரத்தையும் பிடிக்கும். கைப்பிரேக்கும் அதே கம்பிகளைத்தான் இழுக்கும். இரண்டு வருடத்துக்கு முன் சென்னையில் பழைய கார் கண்காட்சிக்குப் போனபோது, "இன்னும் கம்பியா சார்? இது எமன் வண்டி சார்," என்று ஒருவன் கிளப்பிவிட்டான். அங்கேயே ஒரு பட்டறையில் பேரம் பேசி, ஆயில் பிரேக்காக மாற்றிக்கொண்டு வந்தார். பேரத்தில் தான்தான் ஜெயித்ததாக ஊரெல்லாம் சொன்னார். தோற்றவன் அதை எந்தெந்த இடத்தில் சரிக்கட்டினான் என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கவில்லை.

மற்றொரு சங்கதியும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி: எது கிறீச்சிட்டாலும், எது வறண்டாலும் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போய்விடும். தறிக்கொட்டகையில், புடவையில் பூ விழச் செய்யும் ஜக்கார்டு பெட்டிக்கு விடுவதற்கென்று கொக்கு மூக்கு வைத்த தகரக் கிண்ணம் ஒன்று எப்போதும் தொங்கும். சில மாதங்களுக்கு முன் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தது. கடைக்கு ஆள் அனுப்புவானேன் என்று அந்தக் கிண்ணத்தை எடுத்து நிரம்ப ஊற்றிவிட்டார். எண்ணெய் எண்ணெய்தானே. அதற்குப் பிறகு பெடல் முன்னைவிட மேலேயே பிடித்தது. தன் கைராசி என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஏனாத்தூர் ரோட்டில் மெக்கானிக் ஜான்சனின் ஷெட். பழைய வண்டி என்றால் வாலாஜாவிலிருந்தெல்லாம் அவனிடம்தான் வருவார்கள். வேலையில் சுத்தம். வாயில் அதற்கு நேர்மாறு. வண்டிக்கு அடியில் போனவன் உள்ளேயிருந்தே கச்சேரியை ஆரம்பித்தான்.

"மொதலாளி, இந்த பைப்பை எதால கட்டி வெச்சிருக்கான் தெரியுமா? சணல் கயிறு. புடவை மூட்டை கட்டுவீங்களே, அதே கயிறு. இந்தப் பக்கம் பாத்தா சைலன்சர் மேலயே ஒட்டிக்கினு இருக்குது. ஆயில் போற வழியில அடுப்பு மூட்டி வெச்சிருக்கான், மகராசன். சிலிண்டரை மாட்டியிருக்கிற தகடு அப்பளம் மாதிரி வளையுது. கைப்பிரேக்கு இருக்குதே, அது சும்மா கொலு பொம்மை."

"ஒரே பிரேக்குல நாலு சக்கரமும் நிக்கும்னு சொன்னானே பா."

"ஒரே பிரேக்குல நாலு சக்கரமும் நிக்காமயும் போகும். அதைச் சொல்லலையா?"

வெளியே வந்து, ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தான். உள்ளே விரலை விட்டுத் தேய்த்தான். முகர்ந்தான். அவன் முகத்திலிருந்த கேலி அணைந்தது. சிலிண்டரைக் கழற்றி உள்ளிருந்த ரப்பரைத் துணியில் வைத்து நீட்டினான். கறுத்து, பிதுங்கி, ஊறிய வடையைப் போல் உப்பியிருந்தது.

"இது பிரேக் ஆயில் இல்ல. மெஷின் எண்ணெய் எதையோ ஊத்தியிருக்கான். அது பட்டா ரப்பரு வீங்கிடும் மொதலாளி. வீங்கினா ஆயில் திரும்பி வர ஓட்டை அடைச்சுக்கும். நீங்க காலை எடுத்த பொறவும் பிரேக்கு பிடிச்சுக்கினே இருக்கும். சக்கரம் சூடாகி, உள்ள ஆயில் கொதிச்சு ஆவியாயிடும். ஆவியை மிதிச்சா வண்டி நிக்குமா? அப்புறம் ஆறிப்போச்சுன்னா ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி மறுபடி பிடிக்கும்." நிமிர்ந்து பார்த்தான். "யாரு ஊத்துனது?"

கலியாணசுந்தரம் மனசுக்குள் ஊர்வலத்தை ஓட்டிப் பார்த்தார். நாதஸ்வரம் நடக்கிற வேகம், காலெடுக்காமல் பிரேக்கின் மேலேயே பாதம், முக்கால் மணி நேர ஊர்வலம். கொதிப்பதற்கு அதைவிடத் தோதான அடுப்பு வேறென்ன வேண்டும்? தன் கையாலேயே விறகு வைத்திருக்கிறார்.

"தெரியலையே பா," என்றார். "அந்த மெட்ராஸ்காரனாத்தான் இருக்கும்."

"அவன் கையில மாவுக்கட்டு போட," என்றான் ஜான்சன். "ஆனா ஒண்ணு, அந்த எண்ணெய் இல்லைனாலும் இந்த வேலை என்னிக்காவது உங்க காலை வாரித்தான் விட்டிருக்கும். ரப்பரை மாத்திட்டு அனுப்பினா என் மனசு கேக்காது. எல்லாத்தையும் அறுத்துப் போட்டு பழைய கம்பியையே மாட்டணும். தண்டு அடியிலேயே இருக்குது, கழட்டச் சோம்பேறித்தனம் அவனுக்கு. மத்த சாமானெல்லாம் எங்க?"

அதுதான் சிக்கல். பட்டறைக்காரன் ஒரு சாக்கில் கட்டித் திருப்பிக் கொடுத்திருந்தான். அவருடைய பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குள் வந்த இரும்பு எதுவும் சும்மா கிடந்ததாகச் சரித்திரமில்லை.

மறுநாள் ஜான்சனைத் தறிக்கொட்டகைக்குக் கூட்டிப் போனார். இரண்டு கம்பிகள் முற்றத்தில் கிடைத்தன. சாயம் போட்ட பட்டு நூலை உலர்த்த, பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொடியாகக் கட்டியிருந்தார்கள். மூன்றாவது ஜன்னலுக்குத் தாழ்ப்பாளாக உத்தியோகம் பார்த்தது. நாலாவதை யாரோ பாதியில் அறுத்திருந்தார்கள். சக்கரத்துக்குள் பிரேக் கட்டைகளை அகட்டுகிற நெம்புகோல்கள்? ஜான்சன் தேடித் தேடி, கடைசியில் ராமலிங்கத்தின் தறிக்குப் பின்னால் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நீளவாட்டு நூலான பாவு தொய்யாமலிருக்க அதன் கயிற்றில் பாரமாக நாலும் கொத்தாகத் தொங்கின.

ராமலிங்கம் அந்த வீட்டில் இருபத்தைந்து வருடமாக நெய்கிறவர். தறியைவிட்டு எழவேயில்லை.

"அதைக் கழட்டினா என் பாவு தொங்கிடும் மொதலாளி. கல்யாணப் புடவை தறியில இருக்குது. உங்க பொண்ணுதுதான்."

"வேற கல்லு கட்டித் தர்றேன் பா. இது பிரேக்கு."

"பிரேக்குன்னு தெரியாம ரெண்டு வருசமா எவ்ளோ நல்லா நிறுத்தி வெச்சிருந்துது பாருங்க!"

"யோவ் பெரியவரே," என்றான் ஜான்சன், "உங்க ஊரு தேருக்கே பிரேக்கு கிடையாது. அந்தத் தைரியத்துல இவங்களும் கிளம்பிட்டாங்க."

"ஏன் கிடையாது? நாங்க இல்ல?" ராமலிங்கம் வலது கையை நீட்டிக் காட்டினார். நடுவிரலின் நுனி நசுங்கித் தட்டையாக இருந்தது. "தேருக்கு முட்டுக்கட்டை போடுற ஆளு நானு. சக்கரம் உருண்டு வரும்போது அதுக்கு முன்னாடி கட்டையைச் சொருகிட்டுக் கையை எடுத்துடணும். எடுக்கறதுதான் வித்தை."

அறுத்த கம்பியில் துண்டு சேர்த்து வெல்டு வைத்துவிடலாமே என்று கலியாணசுந்தரம் மெல்லக் கேட்டுப் பார்த்தார். ஜான்சன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"வெச்சுடலாம். ஊர்வலத்தப்ப நீங்க பம்பருக்கு முன்னாடி நடப்பீங்களா?"

கலியாணசுந்தரம் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் தலையாட்டினார். புதுக் கம்பிக்கு லேத் பட்டறையில் சொல்லியாயிற்று.

வேலை முடிந்த அன்று இருவருமாகத் தாமல் ஏரிக்கரைக்கே வண்டியைக் கொண்டு போனார்கள். அதே சரிவு. கலியாணசுந்தரம் மிதித்தார். பெடல் முரண்டு பிடித்தது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் பதில் பேசியது. நாலு சக்கரமும் கிறீச்சென்று ஊரையே கூட்டி வண்டியை நிறுத்தின. கைப்பிரேக்கையும் இழுத்துப் பார்த்தார். மறுமுனையில் யாரோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். துரைக்கண்ணு தன் புதுப் போருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காவல் நின்றது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"கத்துது பா," என்றார் ஜான்சனிடம்.

"கத்தட்டும். கம்பி பிரேக்கு கத்தும். கத்துற வரைக்கும் உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். ஒரு சொட்டு எண்ணெய் அது பக்கம் போகக் கூடாது. கட்டையில எண்ணெய் பட்டா, வழுக்குப் பாறையில வெளக்கெண்ணெய் ஊத்தின கதைதான். வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுடுங்க."

வீட்டில் எல்லாரிடமும் சொல்ல வேண்டுமானால் எண்ணெய் என்ற பேச்சை எடுக்க வேண்டும். எண்ணெய் என்றால் ராமலிங்கம், "அன்னிக்கு நீங்க கூட என் கிண்ணத்தை எடுத்துக்கினு போனீங்களே," என்பார். குழலி காதில் அது விழும். ஆட்டுக்காக ஒதுங்கிய புண்ணியவான் பட்டம் அன்றோடு போய்விடும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கல்யாண வீட்டில் நாளைக்கு என்பது எப்போதும் நேற்றாகிவிடுகிறது.

மாப்பிள்ளை அழைப்பு சாயங்காலம். ஆஸ்டினுக்கு மல்லிகைச் சரம் சுற்றி, முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். வீட்டிலிருந்து பிள்ளையார் கோயிலுக்குக் கலியாணசுந்தரம் தனியாக ஓட்டிக்கொண்டு போனார். தெருமுனையில் ஒரு சைக்கிளுக்காகப் பிரேக்கை மிதித்தார்.

கத்தவில்லை.

வண்டி நின்றதா என்றால், நின்றது. யோசித்து, ஒரு பக்கம் இழுத்து, சைக்கிள்காரனின் மட்கார்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றது. அவர் நெஞ்சுக்குள் தவில் ஆரம்பித்துவிட்டது. கோயில் வாசலில் மறுபடி மிதித்தார். கால் முழு பலத்தையும் கொடுத்தது. வண்டி நிற்க வேண்டிய கோலத்தைத் தாண்டி, செருப்புகளின் மேலேறி, மெதுவாக, மரியாதையாக நின்றது. ஒரு சத்தமில்லை.

இறங்கிப் பார்த்தார். சக்கரத்தின் உட்புறம் கறுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. விரலை வைத்தார். முகர்ந்தார். அந்த வாசனைக்கு நடுவில்தான் அவர் பிறந்து வளர்ந்தார்.

பட்டு வேட்டியும் விபூதியுமாக ராமலிங்கம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சத்தமே இல்ல பாத்தீங்களா? காலையில வண்டியைக் கழுவ நகத்தினப்போ காது கிழியுற மாதிரி கத்திச்சு. நல்ல காரியத்துல இன்னாடா இதுன்னு, நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம் இருக்குற ஓட்டை வழியா கிண்ணத்து மூக்கை விட்டு நல்லா..."

"நாலுக்குமா?"

"ஒண்ணை மட்டும் விட்டா மத்தது மூணும் கத்தாதா மொதலாளி?"

அவர்மேல் கோபப்பட வாயெடுத்தார். வரவில்லை. அதே கிண்ணத்தை அதே நல்ல எண்ணத்தோடு முதலில் எடுத்த கை எதுவென்று கைக்குத் தெரியும்.

அதற்குள் மாப்பிள்ளை குரு மாலையோடு பின்சீட்டில் ஏறிவிட்டான். ஒத்து ஊத ஆரம்பித்தார்கள். சீர்த்தட்டோடு பெண்கள் வரிசைக்கு வந்தார்கள். குழலி முதல் ஆளாக நின்றாள். வாண்டுகள் பம்பரைத் தொட்டுவிட்டு ஓடும் ஆட்டத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

கோயில் மதிலோரம் ஒதுங்கி ஜான்சனுக்குப் போன் போட்டார்.

"ஜான்சன், பிரேக்குல எண்ணெய் விட்டுட்டாங்க பா. நாலு சக்கரத்துக்கும். நான் சொல்லி வைக்கலை. அந்த டப்பாவுல ஊத்துனதும் நான்தான்."

அந்தப் பக்கம் ஜான்சன் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தக் கிண்ணத்தைத் தூக்கி ஏரியில போட்டிருப்பேனே மொதலாளி! இப்ப நான் அரக்கோணத்துல நிக்கிறேன். வந்தாலும் சக்கரத்தைக் கழட்டாம ஒண்ணும் ஆகாது. இன்ஜினைப் போடாதீங்க. கைப்பிரேக்கும் அதே கட்டைதான், நம்பாதீங்க. மாப்பிள்ளையை இறக்கி நடக்க விடுங்க."

மாலை போட்டு ஏற்றிய மாப்பிள்ளையை இறக்குவது. அதுவும் பிரேக் இல்லை என்று சொல்லி. மாப்பிள்ளையின் அத்தை சகுனத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். நிச்சயதார்த்தத்தன்று பல்லி விழுந்ததற்கே இரண்டு நாள் யோசித்தவள். தீபிகாவின் முகம் நினைவுக்கு வந்தது. பிறகு பம்பரைத் தொட்டுவிட்டு ஓடிய ஒரு வாண்டின் முகம்.

"ராமலிங்கம்," என்றார். "இதுக்கு இப்ப பிரேக்கு இல்ல. நீ விட்ட எண்ணெயால. அதுக்கு முன்னாடி நான் விட்ட எண்ணெயால. தேருக்குப் போடற மாதிரி இதுக்குக் கட்டை போட முடியுமா?"

ராமலிங்கத்தின் சிரிப்பு போய்விட்டது. சக்கரத்தைப் பார்த்தார். தன் நடுவிரலைப் பார்த்தார். பிறகு, பின்னால் விளக்குக்காக நின்ற ஜெனரேட்டர் வண்டியின் சக்கரத்துக்குக் கொடுத்திருந்த மரக்கட்டைகளை உருவிக்கொண்டு வந்தார். பந்தல்காரனிடமிருந்து வடக்கயிறு வந்தது.

"ஏன் சம்பந்தி, இன்ஜின் ரிப்பேரா?" மாப்பிள்ளையின் அத்தை கேட்டுவிட்டாள்.

"அய்ய, இன்னாமா நீங்க! எங்க ஊர்ல சாமியைப் பெட்ரோல் ஊத்தியா இழுக்குறோம்? மாப்பிள்ளைன்னா அன்னிக்கு அவர்தான் சாமி. வடம் பிடிச்சுத்தான் இழுக்கணும்." முப்பது வருட வியாபாரத்தில் எத்தனையோ புடவையை எப்படியெப்படியோ விற்றிருக்கிறார். இப்படி வேர்த்துக்கொண்டு விற்றதில்லை.

அத்தைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளைத் தோழர்கள் போனை உயர்த்திக்கொண்டு கயிற்றுக்கு ஓடி வந்தார்கள். குழலியின் தம்பி முத்துக்குமாரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார்.

"திருப்பறதுக்கு மட்டும்தான் நீ. சரிவு வந்தா முதல் கியர்ல போட்டு விட்டுடு, பிடிக்கும்."

"நீங்க ஓட்டலையா மாமா? வழக்கமாச்சே?"

அவர் வாண்டுகளையெல்லாம் மேளத்துக்கு முன்னால் துரத்திவிட்டு, இரண்டு கயிற்றுக்கும் நடுவில், பம்பருக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றுகொண்டார். அந்த ஒரு முழத்தில் எப்படியும் யாராவது இருக்கத்தான் போகிறார்கள். அந்த ஆள் நாமாகவே இருக்கட்டும்.

வண்டி அசைந்தது. கட்டைகளோடு ராமலிங்கம் முன்சக்கரத்தை ஒட்டியே நடந்தார். முதுகுக்குப் பின்னால் டயர் மண்ணை அரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்க்கலாம், பார்த்தால் ஓடிவிடுவோம் என்று தோன்றியது. கெண்டைக்கால் சதை தானாக இறுகிக்கொண்டது. ஊரே தெரிந்தவர்கள். இரண்டு பக்கமும் கும்பிட்டார்கள். அவரும் கும்பிட்டுக்கொண்டே நடந்தார். எதிர் மாடியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பக்தி முற்றிய மாதிரி இருந்திருக்கும்.

குழலி தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு அருகில் வந்தாள்.

"உங்க முகம் ஏன் இப்படி இருக்குது?"

"தள்ளிப் போ குழலி. பிரேக்கு இல்ல."

அவள் ஒருமுறை வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னிக்கு தாமல்ல?"

"அன்னிக்கும் இல்ல. ஆட்டுக்காகல்லாம் ஒண்ணும் ஒதுங்கலை."

"நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். என்கிட்ட சொல்றதுக்கு இன்னா கேடு?" குரல் உயரவில்லை. அதுதான் சுட்டது. தள்ளியும் போகவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நடந்தாள். அவருடைய பயம் சரியாக இரண்டு மடங்காயிற்று.

சமதரையில் எல்லாம் ஒழுங்காகவே போனது. கல்யாண மண்டபம்தான் மிச்சம். மண்டபம் கட்டியபோது ரோடு அதன் படிக்குக் கீழே இருந்ததாம். மேலே மேலே தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்து, இப்போது மண்டபத்து வாசல் குழிக்குள் இறங்குகிறது. அந்தக் குழியின் அடியில் ஆரத்தித் தட்டோடு ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், துரத்திவிட்ட வாண்டுகள் அத்தனையும்.

"கயித்தை விடாதீங்கபா! பின்னாடி போய் இழுத்துப் பிடிங்க!" என்று கத்தினார். மேளம் அதை விழுங்கிவிட்டது. கயிற்றுக்காரர்கள் முகம் மலர்ந்து இன்னும் வேகமாக இழுத்தார்கள். முன்சக்கரம் சரிவில் இறங்கியது. இழுத்த கயிறு தொய்ந்தது. பின்னால் பற்சக்கரங்கள் கரகரவென்று ஒன்றையொன்று கடிக்கிற சத்தம்.

"மாமா! கியர் விழ மாட்டேங்குது மாமா!"

கலியாணசுந்தரம் ஓடவில்லை. ஓட இடமும் இல்லை. குழலியின் கையைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளினார். தள்ளிய கையை அவள் விடவில்லை. ராமலிங்கம் சொருகிய மரக்கட்டை விழும் ஓசை. அது வழுக்கி, நசுங்கி, தெறித்து அவர் பாதத்தின் அருகில் வந்து விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இரண்டாவது கட்டை. ஒரு கிறீச்சொலி, பல்லெல்லாம் கூசுகிற மாதிரி, நீளமாக, உரக்க. கெண்டைக்காலில் குளிர்ச்சியாக இரும்பு வந்து தொட்டது. தொட்டு, கொஞ்சம் அழுத்தியது.

அதோடு நின்றது.

கெட்டிமேளம் மாதிரி கொட்டித் தீர்த்தார்கள். பெண்கள் ஆரத்தி சுற்றினார்கள். குரு ஒன்றும் அறியாமல் வலது காலை வைத்து இறங்கினான். "எவ்ளோ அழகா கொண்டாந்து நிறுத்தினாங்க பாரு!" என்றாள் அத்தை. வாண்டுகள் ரப்பர் ஹார்னுக்குச் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

கலியாணசுந்தரம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். காலை எடுக்கச் சொன்னால் கால் கேட்கவில்லை. குழலி குனிந்து அவர் வேட்டியைப் பார்த்தாள். பின்பக்கம் பம்பர் அகலத்துக்கு ஒரு புழுதிக் கோடு.

ராமலிங்கம் சக்கரத்தின் கீழிருந்து எழுந்தார். பத்து விரலையும் விரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, மூச்சு வாங்கினார்.

"ரெண்டாவது கட்டை கேட்டுச்சா மொதலாளி? இன்னா கத்து கத்திச்சு!"

"கேட்டுது," என்றார் கலியாணசுந்தரம். "அந்தக் கிண்ணம் எங்க வெச்சிருக்கே ராமலிங்கம்? எடுத்துக்கினு வா. இப்பவே. என் கையாலேயே ஏரியில போடணும்."